பூனை சுத்தம், நாய் நஜீஸ்: அதோட நம்ம பொறுப்பு முடிஞ்சிடுமா?

 

பதுளை டவுன்ல முஸ்லிம் வீட்டு வாசலில் பூனை படுத்திருக்கும். தோட்டத்து லயன் வாசலில் நாய் படுத்திருக்கும். யாருக்கு எது பிடிக்குதோ அதை வளர்க்கட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண்ணால் கழுவச் சொல்லும் ஷாபிஈ மத்ஹபில் வளர்ந்தவன் நான். என் வீட்டுக்குள் நாய் வராது.

ஆனால் கழுவச் சொன்னது பாத்திரத்தை. ரோட்டில் போகிற நாய்க்குக் கல்லெறியச் சொன்னது யார்? தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்ட சம்பவம் புகாரியில் இருக்கிறது. குகைவாசிகளோடு இருந்த நாயைப் பற்றி சூரத்துல் கஹ்ஃபில் ஓதுகிறோம். வேட்டைக்கும் ஆடுமாட்டுக்கும் பயிருக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு. இதெல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளையின் கையில் கல் இருந்தால், அதைக் கொடுத்தது மார்க்கம் இல்லை, நாம்தான்.

பூனைப் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுக் கொன்ற பெண்ணின் ஹதீஸை ஜும்ஆவில் கேட்டு உச்சுக் கொட்டுகிறோம். வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டால் என்ன செய்கிறோம்? உரப்பையில் போட்டு, த்ரீவீலரில் ஏற்றி, பசறை ரோட்டு வளைவில் தேயிலைக்குள் விட்டுவிட்டு வருகிறோம். "தோட்டத்துல எப்படியும் பிழைச்சுக்கும்" என்று சொல்கிறோம். அந்த மழையிலும் குளிரிலும் கண் திறக்காத குட்டி எப்படிப் பிழைக்கும்? பிழைத்தாலும் யார் சோறு போடுவது? 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு வருஷக்கணக்காகப் போராடிய சனமா?

தோட்டத்து உறவுகளே, உங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எல்லோரும் மலைக்குப் போன பிறகு காம்பிராவுக்குக் காவல் நாய்தான். மரக்கறித் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வந்தால் குரைப்பதும் அதுதான். அந்த நாய்க்கு நாலடிச் சங்கிலியும் மிஞ்சின சோறும் போதுமா? வருஷத்துக்கு ஒரு ஊசி வேண்டாமா? பொட்டைக்குட்டி என்றால் ஸ்கூல் கேட்டடியில் கொண்டுவந்து விடுவது என்ன நியாயம்?

இதில் மாட்டுவது பிள்ளைகள். பகல் சாப்பாட்டில் பாதியைக் குட்டிக்குக் கொடுக்கிற பிள்ளையைத்தான் அது விளையாட்டாகக் கடிக்கும். ஏச்சு விழும் என்று பயந்து பிள்ளை வீட்டில் சொல்லாது. சொன்னாலும் மஞ்சள் பூசி விட்டுவிடுகிறோம். விசர்நாய்க்கடி நோயின் குணங்குறி தெரிய ஆரம்பித்தால் பிறகு அநேகமாகக் காப்பாற்ற முடியாது. பூனைக்கும் அந்த நோய் வரும், பூனை கீறினாலும் கடித்தாலும் அலட்சியம் கூடாது. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஊசிக்குக் காசு இல்லை.

"எல்லா நாயையும் கொன்றால் சரி" என்பவர்கள் கணக்கைப் பாருங்கள். 1973இல் இந்த நோயால் இலங்கையில் 377 பேர் இறந்தார்கள். தெருநாய்களைக் கொல்வதை 2006இல் அரசாங்கம் நிறுத்தியது. அதற்குப் பிறகு சாவு கூடவில்லை, இன்னும் குறைந்தது. குறைத்தது நாய்க்குப் போட்ட ஊசியும், கடிபட்டவருக்குப் போட்ட ஊசியும். ஒரு பகுதியில் 100 நாயில் 70க்கு ஊசி போட்டால் நோய் பரவுவது அடங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் வேண்டாம். மிருகவதைக்கு 1907இல் போட்ட சட்டத்தில் அபராதம் 100 ரூபா. இன்றைக்கு அது ஒரு பிளேன்டீ காசு.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பள்ளி நிர்வாகமும் கோயில் கமிட்டியும் தோட்டத் தலைவர்மாரும் சேர்ந்து, சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரே கடிதம் எழுதுங்கள். இலவச ஊசி முகாமும் கருத்தடை முகாமும் டவுனோடு நிற்காமல் ஒவ்வொரு டிவிஷனுக்கும் வரவேண்டும் என்று கேளுங்கள். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்தை நீங்கள் வையுங்கள்.

அதுவரைக்கும் உரப்பையைக் கையில் எடுக்காதீர்கள்.