முள் ஏறும் நேரம்



மே மாத விடுமுறை வந்துவிட்டால், திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல நாகர்கோவில், வள்ளியூர், திருநெல்வேலி என்று சொந்த ஊர்களை நோக்கிப் புறப்படும். கார் வைத்திருப்பவர்களில் அநேகர் பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்துப் பழைய கார் வாங்கியவர்கள். அத்தகைய வண்டி ஒன்று எஞ்சின் கொதித்து நடுவழியில் நின்றுவிட்டால், பிரயாணம் மட்டுமல்ல, அந்தச் சேமிப்பே ஆபத்தில் விழுகிறது. ஆகையால் இம்மாதம் அதைக் குறித்து எழுதுகிறேன். என்னுடைய அறியாமையையே முதல் பாடமாக வைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் திருமணத்திற்காகக் குடும்பத்துடன் திருநெல்வேலிக்குப் புறப்பட்டேன். பாலராமபுரம் சந்திப்பில் வாகன நெரிசலில் நின்றபோது, வெப்பத்தைக் காட்டும் முள் பாதியைக் கடந்து ஏறியது. “கொஞ்சம் நிறுத்திப் பாருங்களேன்” என்றாள் என் மனைவி. நெரிசல் விலகி வண்டி வேகமெடுத்ததும் முள் தானாக இறங்கிற்று. “பார்த்தாயா, சரியாகிவிட்டது” என்று சொல்லித் தொடர்ந்து ஓட்டினேன். குழித்துறையை நெருங்கியபோது மறுபடியும் நெரிசல். மறுபடியும் முள் ஏறிற்று. மார்த்தாண்டம் வரை போய்விடலாம் என்று, முள் சிவப்புக் கோட்டில் நின்றபோதும் ஓட்டினேன். முடிவில் பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி பறந்தது.

வண்டியை ஓரங்கட்டி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். பக்கத்தில் லாரியை நிறுத்தியிருந்த ஓட்டுநர் ஒருவர், “ஐயா, அதுல கை வைக்காதீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவர் வராதிருந்தால் என் முகம் வெந்துபோயிருக்கும். பின்பு அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “எப்போ சூடாச்சு? நிக்கும்போதா, ஓடும்போதா?”

நின்றபோது என்றேன். ரேடியேட்டர் ஃபேனின் ஃபியூஸைக் கழற்றிக் காட்டினார். எரிந்துபோயிருந்தது. சில ரூபாய்ப் பொருள்! அதை மாற்றியதும் ஃபேன் சுழன்றது. ஆனால் சிவப்புக் கோட்டில் ஓட்டிய அந்தச் சில கிலோமீட்டர்கள் தம் வேலையைச் செய்து முடித்திருந்தன. அடுத்த வாரங்களில் கூலண்ட் காரணமின்றிக் குறைந்தது. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால் கலந்ததுபோல் ஒரு படலம் தெரிந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எஞ்சின் ஹெட்டைக் கழற்றி, வளைவு நீக்கி, மீண்டும் பொருத்த நேர்ந்தது. அந்தக் காருக்கு நான் செய்த மிகப் பெரிய செலவு அதுவே. பாலராமபுரத்திலேயே முள் நோயைச் சொல்லிவிட்டது. கேட்கத் தெரியாதவன் நான்.

எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். வாட்டர் பம்ப் அந்த நீரைச் சுழலவிடுகிறது. தெர்மோஸ்டாட் என்னும் சிறு வால்வு, எஞ்சின் போதிய சூடு அடைந்தபின் திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே காற்று அதைக் குளிர்விக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதை, சூடு எப்பொழுது ஏறுகிறது என்பதே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால், ஃபேனைச் சந்தேகியுங்கள். வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன் ஒன்றே துணை. பழைய அம்பாசடர் கார்களில் எஞ்சினே பெல்ட் மூலம் ஃபேனைச் சுழற்றியது. இன்றைய கார்களில் பெரும்பாலும் மின்விசிறி என்பதால் ஃபியூஸ், ரிலே, மோட்டார், சென்சார் என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் சற்று நேரத்தில் சுழல வேண்டும். எஞ்சினை நிறுத்தியபின்னும் அது திடீரென்று சுழலக்கூடும்; விரல்கள் ஜாக்கிரதை.

நெரிசலில் ஒன்றுமில்லை, ஏற்றத்திலும் நெடுவேகத்திலும்தான் ஏறுகிறது என்றால், கூலண்ட் குறைவோ, ரேடியேட்டர் அடைப்போ, பம்பின் பலவீனமோ காரணமாகலாம். நம் பொன்முடிச் சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளும் இதற்கு நல்ல பரீட்சை. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே தூசியும் பூச்சிகளும் அடைத்திருந்தால், எஞ்சின் ஆறியபின் மெதுவான நீர்த்தாரையால் கழுவலாம். கடற்கரையோரம் வசிப்பவர்கள், உப்புக்காற்று அத்தகடுகளை அரித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே படிந்த உப்பைப் போக்குவது மெக்கானிக்கின் வேலை.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறுகிறதா? ரேடியேட்டரின் மேல் குழாய் மிகுந்த சூடாகவும் கீழ்க் குழாய் குளிர்ந்தும் இருந்தால், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். “நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை” என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. சம்மதிக்காதீர்கள். அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதமாகும்; எரிபொருள் அதிகம் செலவாகும்; தேய்மானமும் கூடும். புதியதைப் போடச் சொல்லுங்கள்.

கூலண்ட் அடிக்கடி குறைந்தால், காலையில் வண்டியை எடுத்தபின் தரையைப் பாருங்கள். நிறமுள்ள ஈரம் தெரிந்தால் குழாயிலோ பம்பிலோ ரேடியேட்டரிலோ கசிவு. வெளியே கசிவின்றியே குறைந்து, புகைக்குழாயில் வெண்புகை நீடித்து வந்தால், எனக்கு நேர்ந்ததுபோல் ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். அதன்பின் ஓட்டவே வேண்டாம்.

வழியில் முள் ஏறத் தொடங்கினால் முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் அதை முழுவதும் திறந்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்குங்கள். வியர்க்கும், ஆனாலும் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி அவ்வழியாக வெளியேறும். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆவி பறக்க, முள் மட்டும் திடீரென்று கீழே விழுந்தால் ஏமாறாதீர்கள். சென்சாரைத் தொட நீரே இல்லாமல் போயிருக்கலாம்.

பின்பு காத்திருங்கள். அரை மணி நேரமாவது, தேவையானால் அதற்கும் மேலாக. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடிக்குள் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விலகி, ஆவியும் கொதிநீரும் முகத்தை நோக்கிப் பாயும். எந்தத் துண்டும் அதைத் தடுக்காது. கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது; உலோகம் விரிசல் விடும். கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறியபின், மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள்.

ஆபத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றலாம். அதையே வழக்கமாக்கினால், கிணற்று நீரிலும் போர் தண்ணீரிலும் உள்ள உப்புகள் உள்ளே படியும், துரு பிடிக்கும். உங்கள் காரின் கையேடு சொல்லும் கூலண்டை, சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். கலந்து ஊற்ற வேண்டிய வகையானால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரையே சேருங்கள். வெவ்வேறு வகைக் கூலண்ட்களைக் கலக்க வேண்டாம். பெரும்பாலான கூலண்ட்களில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பான கொடிய விஷம். குழந்தைகளும் நாய்களும் எட்டாத இடத்தில் வையுங்கள். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

ஊருக்குப் புறப்படும் நாள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரிசர்வ் டாங்கில் கூலண்ட் அளவுக்கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. வழியில் முள் ஏறினால், எப்பொழுது ஏறியது என்பதைக் கவனித்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்துவிடும். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் “கொஞ்சம் நிறுத்திப் பாருங்களேன்” என்றால், தயவுசெய்து நிறுத்துங்கள். நான் நிறுத்தியிருந்தால் ஒரு ஃபியூஸோடு போயிருக்கும்.