மண்மேடும் மரபுச் சொத்தே

சில ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் எல்லையிலே மண்மேடொன்றை வெட்டி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய முகத்திலே, உள்ளே கறுப்பும் புறத்தே சிவப்புமான ஓட்டுத்துண்டுகள் தெரிந்தன. "இதென்ன தம்பி?" என்றேன். "பழைய சட்டி ஓடு ஐயா, எங்கை வெட்டினாலும் வருகுது" என்றான் மண்வெட்டியை ஊன்றிநின்ற இளைஞன். நானும் பேசாது வந்துவிட்டேன். அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகின்றேன்.

ஆனைக்கோட்டையின் பெயரைக் கேளாத தமிழாசிரியர் அரியர். 1980ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்து, பெருங்கற்காலப் பண்பாட்டைச் சார்ந்த மனித எலும்புக்கூடுகளையும் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையொன்றையும் கண்டெடுத்தனர். முத்திரையை மேடைதோறும் போற்றினோம். ஆனால், தாழ்நிலம் நிரப்புவதற்கு மண் அள்ளப்பட்டபோதே அவ்விடம் ஆராய்ச்சியாளர் கண்ணிற் பட்டது என்பதை எத்துணைப் பேர் நினைவிற் கொண்டோம்?

தாழியோ முத்திரையோ தனித்து நின்று சாட்சி கூறாது. எந்த மண்படையிலே, எதன் அருகே கிடந்தது என்பதே அதன் வாக்குமூலம். ஈமக்குழியிலே இறந்தோருக்குரிய பொருள்களோடு கிடந்தமையாலன்றோ ஆனைக்கோட்டை முத்திரைக்கு அத்துணை மதிப்பு! லொறியில் ஏறிய ஓட்டுக்கோ ஊருமில்லை, காலமுமில்லை.

இவை எவருடைய முன்னோரின் புதைகுழிகள் என்று வாதிடுவோர் உளர். வாதிடட்டும். பொம்பரிப்பின் ஈமத்தாழிகள் மன்னார்க் குடாவின் எதிர்க்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரை நினைவூட்டுகின்றன. தம்புள்ளைக்கு அண்மையில் இப்பன்கட்டுவையிலே கற்பலகைகளால் அமைத்த ஈமக்குழிகள் பேணப்படுகின்றன. இவற்றின் உறவை ஒப்புநோக்கியே அறிதல் வேண்டும். வழக்கு முடியுமுன் ஆவணத்தை எரிப்பார் உண்டோ?

சட்டம் இல்லாமலில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டம் இன்றும் உண்டு. ஆயினும், அதிகாரி இருப்பது பட்டினத்திலே. மண்வெட்டி இருப்பது கிராமத்திலே. கூலிக்கு வெட்டுகின்ற இளைஞனைக் குறைகூறிப் பயனில்லை. அந்த ஓடு யாதென்று அவனுக்கு எந்தப் பாடசாலையிலே சொல்லிக்கொடுத்தோம்?

ஆகவே ஆசிரியர்களிடமே முறையிடுகின்றேன். உங்கள் ஊரிலே பிட்டியென்றும் திடலென்றும் பெயர்பெற்ற இடங்களை மாணாக்கரோடு நடந்து பாருங்கள். ஓடு தெரிந்தால் இடத்தையும் நாளையும் குறித்துப் பல்கலைக்கழகத்துக்கும் தொல்பொருட் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். நீங்களாகத் தோண்டவேண்டா, ஓட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் வேண்டா. காணிக்காரருக்கு நட்டம் நேருமாயின் அதனை ஈடுசெய்வது அரசின் கடன்.

நான் கண்ட மேடு இன்று வெறுந்தரை. அதில் உறங்கியவர் யாவரென இனி எவரும் அறியார். அடுத்த மேட்டருகே நிற்கும் ஆசிரியராவது, என்னைப்போல் பேசாது போகாதிருப்பாராக.