பிள்ளைகளின் குரலை அடைத்துவிட வேண்டாம்



மாதவரத்தில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் அண்மையில் எங்களிடம் மனம் வருந்திப் பேசினார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் இனிமையாகப் பாடுவாள். பள்ளியின் பாட்டு வகுப்பில் சேர விரும்பியபோது, "பாட்டெல்லாம் நமக்கு ஹராம்" என்று வீட்டார் ஒரே சொல்லில் முடித்துவிட்டனர். அன்று முதல் அவள் குர்ஆனைக்கூட வாய்விட்டு ஓதுவதில்லை என்பதே அத்தாயின் கவலை.

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலோர் தடுத்துள்ளனர், இப்னு ஹஸ்ம் போன்றோர் அனுமதித்துள்ளனர், இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் நிபந்தனைகளோடு விரிவாக ஆராய்ந்துள்ளார். அதில் தீர்ப்புரைக்கும் தகுதி நமக்கில்லை. ஆயினும், கருவிகளுக்குச் சொல்லப்பட்ட தடையைப் பிள்ளையின் குரல்மீதும் சுமத்துவது முறையா என்று கேட்க விரும்புகிறோம்.

ஹுனைன் போருக்குப் பின் மக்கத்து இளைஞர் சிலர் பாங்கைக் கேலியாகப் பாடிக்காட்டினர். அவர்களுள் ஒருவர் அபூ மஹ்தூரா (ரலி). நபி (ஸல்) அவர்கள் அவரைத் தண்டிக்கவில்லை. அந்தக் குரலின் அழகைக் கண்டு, அருகில் அழைத்து, பாங்கின் சொற்களை ஒவ்வொன்றாகத் தாமே கற்றுக்கொடுத்து, மக்காவின் முஅத்தினாக நியமித்தார்கள். கேலி செய்த வாயே தொழுகைக்கு அழைக்கும் வாயாயிற்று. பிள்ளைகளின் திறனை எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் ஏது?

குரற்பயிற்சி பிள்ளைக்குத் தருவது பாட்டை மட்டுமன்று. மூச்சை அளந்து விடவும், பிறர் குரலைக் கூர்ந்து கேட்கவும், நீண்ட பகுதிகளை நினைவில் நிறுத்தவும், பலர் முன் அஞ்சாமல் நிற்கவும் அது பழக்குகிறது. தஜ்வீதில் மக்ரஜும் மத்தும் கற்கும் பிள்ளைக்கு வேண்டியவையும் இவையே.

இது நமக்குப் புதிதுமன்று. மாதவரத்திலிருந்து சற்றே தொலைவில், இராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கியிருக்கிறார். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த அந்த ஞானியின் கண்ணிகளைத் தமிழுலகம் இன்றும் போற்றுகிறது. நாகூர் ஹனீபாவின் குரல் ஒலிக்காத பெருநாள் நம் தெருக்களில் அரிது. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு முனாஜாத்தாவது பாடத் தெரியும்? நாம் கொடுக்கத் தவறிய இடத்தைக் கைப்பேசியின் ஆபாசப் பாடல்கள் நிரப்பிவிட்டன.

ஆகவே, மக்தபுகளில் வாரம் அரை மணி நேரம் கிராஅத்துக்கும் இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்களுக்கும் ஒதுக்குமாறு ஜமாஅத்தார்களை வேண்டுகிறோம். பள்ளியின் பாட்டு வகுப்பைப் பற்றித் தயக்கமுள்ள பெற்றோர், மறுக்கும் முன் அங்கே கற்பிக்கப்படுவது என்னவென்று ஆசிரியரிடம் கேட்டறியலாம். ஐயமிருப்பின் நம் ஹழ்ரத்மார்களை அணுகலாம்.

குரல் அல்லாஹ் தந்த அமானிதம். அதை நெறிப்படுத்துவது நம் பொறுப்பு, நெரித்துவிடுவது அன்று. அந்தச் சிறுமி மீண்டும் வாய்விட்டு ஓதும் நாள் விரைவில் வரும், இன்ஷா அல்லாஹ்.