கண்ணில் பட்டதெல்லாம் குழுவில் போடுவதற்கு அல்ல



பதிவு நீளமானதுதான். நாற்பது நிமிடப் பீரியடில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இன்று பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நகரின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து போன வாரம் விலகிவிட்டேன். "டீச்சர், யார் மேல கோபம்?" என்று நிறையப் பேர் போன் செய்து கேட்டீர்கள். ஆள் மேல் கோபம் இல்லை, ஒரு பழக்கத்தின் மேல் கோபம். உங்களில் பலர் இன்று சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் ஏதோ ஒரு தெருக் குழுவுக்கோ அபார்ட்மெண்ட் குழுவுக்கோ அட்மினாக இருக்கிறீர்கள். ஆகவே தனித்தனியாகப் பதில் சொல்லாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பக்கத்தில் குடியிருப்பதால் அடுத்த வீட்டு விஷயம் நம் கண்ணில் படுகிறது, காதில் விழுகிறது. அப்படித் தெரிந்துகொண்டது நம் சொத்து ஆகிவிடாது. அது நம்மிடம் இருக்கும் அவர்கள் பொருள். அவர்களைக் கேட்காமல் அதை எடுத்து நூற்றெண்பது பேருக்கு வினியோகிக்க நாம் யார்?

குழுவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, எந்தத் தெருவில் தண்ணீர் இடுப்பளவு நிற்கிறது, யார் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது, எங்கே பால் பாக்கெட் கிடைக்கிறது என்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொன்னது இந்தக் குழுக்கள்தான். கரண்ட் எப்போது வரும், தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது, அவசரமாக ரத்தம் தேவை - இதற்கெல்லாம் குழு வேண்டும். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு அதே குழுவில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்வேன். இல்லாவிட்டால் நானும் அதே வேலையைச் செய்தவள் ஆவேன். ராத்திரி ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண். ஒருநாள் பஸ் தவறிவிட்டது. கூட வேலை பார்ப்பவர் பைக்கில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார். எதிர்வீட்டு கேமராவில் பதிவான அந்தப் பதினைந்து விநாடியை, "நேரம் 12.10. இது யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வியோடு யாரோ குழுவில் போட்டார்கள். கேட்டவருக்கு அது யார் வீட்டுப் பிள்ளை என்று நன்றாகத் தெரியும். விடிவதற்குள் வீடியோ இன்னொரு ஊரில் இருக்கும் தாய்மாமன் போனுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் அந்தப் பெண் வேலையை விட்டாள். தெருவில் ஒருவருக்கும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பாதுகாப்புக்காகத்தான் போட்டோம் என்று இன்றும் சொல்கிறார்கள். யாருடைய பாதுகாப்புக்கு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. மதில் ஏறி மாங்காய் பறித்த பையன்களின் வீடியோ. முகம் தெளிவாகத் தெரிகிறது. கீழே "இவன் அப்பனும் அப்படித்தான்" என்று கமெண்ட். நான் முப்பத்திரண்டு வருஷம் சமூக அறிவியல் எடுத்தவள், அதனால் ஒரு சட்டத்தைச் சொல்லிவைக்கிறேன். உண்மையான குற்ற வழக்கிலேயே சிக்கிய சிறுவனாக இருந்தாலும், அவன் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் எந்தத் தகவல் தொடர்பு வழியிலும் வெளியிடக் கூடாது என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கில் சிக்கிய பிள்ளைக்கே நாடு அந்த மரியாதையைக் கொடுக்கிறது. மாங்காய் பறித்த பிள்ளைக்கு நம் தெரு கொடுக்கவில்லை.

இனி, என்னிடம் போனில் சொல்லப்பட்ட சமாதானங்களுக்கு வருகிறேன்.

"மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாதவங்க ஏன் பயப்படணும்?" என்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறவர்கள் எல்லாம் திருடர்களா? மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனது, மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனது, வங்கியிலிருந்து ஆள் வந்தது, வீட்டில் ஒருவருக்கு மனநல மருத்துவம் நடப்பது - இவற்றில் குற்றம் எது? ஒன்றுமே இல்லை. ஆனாலும் இவை தெரு முழுக்கத் தெரிய வேண்டிய செய்தி ஆகா.

"உண்மையைத்தானே போட்டோம்" என்கிறார்கள். ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவது பற்றிய வழக்கு உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளியிடுவதை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்று பத்திரிகைக்குச் சுதந்திரம் கொடுத்த அதே தீர்ப்பு, இன்னொன்றும் சொன்னது. ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது; அது உண்மையாக இருந்தாலும் சரி, பொய்யாக இருந்தாலும் சரி, புகழ்ந்தாலும் சரி, இகழ்ந்தாலும் சரி. பொது ஆவணத்தில் இருப்பதைப் போன்ற சில விலக்குகள் உண்டு. பத்திரிகைக்கே இந்த வரம்பு என்றால், எதிர்வீட்டு கேமரா வைத்திருப்பவருக்கு வரம்பு கிடையாதா?

"நம்ம ஆளுங்க மட்டும்தானே குழுவுல இருக்காங்க" என்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். வீட்டை விற்றுவிட்டுப் போனவர், காலி செய்த வாடகைக்காரர், மனைத் தரகர், கேபிள்காரர், யாருடைய மைத்துனரோ. குழுவில் சேர்ந்த எல்லாருக்கும் உங்கள் போன் நம்பர் தெரியும். தகவல் பூட்டுப் போட்டு அனுப்பப்படுகிறது, இடையில் யாரும் படிக்க முடியாது என்று என் பேரன் விளக்கினான். சரிதான். ஆனால் அந்தப் பூட்டுக்கு நூற்றெண்பது சாவி கொடுத்திருக்கிறோமே! ஸ்கிரீன்ஷாட் எடுத்தவனை எந்தப் பூட்டும் தடுக்காது.

கடைசியாக எல்லாரும் சொல்வது, "அந்தக் காலத்துல திண்ணையில உக்காந்து ஊர்க்கதை பேசலையா?" பேசினார்கள். நான் பிறந்து வளர்ந்தது நெல்லையில் ஒரு வளவு வீட்டில். நடுவில் பொது முற்றம், சுற்றிலும் ஏழு குடித்தனம், ஒரு கிணறு. ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் ஏழு வீட்டுக்கும் கேட்கும். ராத்திரி ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்தால், காலையில் கிணற்றடியில் அந்த ஆச்சியிடம் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். "இன்னிக்கு என்ன குழம்பு மதினி?" என்றுதான் பேச்சு தொடங்கும். அடி விழுகிற சத்தம் கேட்டால் மட்டும் கதவைத் தட்டி உள்ளே போவார்கள். எப்போது காது கேட்கக் கூடாது, எப்போது கதவைத் தட்ட வேண்டும் என்கிற இந்தப் பழக்கம் இல்லாமல் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்திருக்க முடியாது.

புறணியே இல்லாத புண்ணிய பூமி என்று நான் சாதிக்க மாட்டேன். வள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் எழுத வேண்டியிருந்தது என்றால் நம் ஆட்களின் வாய் எவ்வளவு பழையது என்று தெரிகிறது. ஆனால் திண்ணைப் பேச்சுக்குப் பேசினவர் முகம் இருந்தது. "நீ பாத்தியா?" என்று நேரில் போய்க் கேட்கலாம். நாலு நாளில் அடுத்த கதை வந்து இதை மூடிவிடும். குழுவில் போட்டது மறக்காது. பத்து வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் பிள்ளை வளர்ந்த பிறகும் யாரோ ஒருவர் போனில் தேதி நேரத்தோடு கிடக்கும்.

குழுவில் சந்தேகம் எவ்வளவு வேகமாகப் பரவும், எங்கே போய் முடியும் என்பதையும் நம் மாநிலம் பார்த்துவிட்டது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிய நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அதில் இருந்த அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவரை அடித்தே கொன்றார்கள். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. "சந்தேகப்படும்படி ஒருவர் நம் தெருவில்" என்று துணி விற்க வந்தவன் படத்தைப் போடுகிறவர்கள், அந்த அம்மாவை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்கள் நெக்ஸ்ட்டோர் என்கிற அக்கம்பக்கத் தளத்தை அறிவீர்கள். 2011-இல் தொடங்கியது. உண்மையான பெயர், முகவரி கொடுத்துத்தான் சேர முடியும். பெயரும் முகவரியும் தெரிந்தால் மனிதர்கள் பொறுப்பாகப் பேசுவார்கள் என்று நம்பினார்கள். ஆனால் ஓக்லண்ட் நகரில், தெருவில் நடந்து போகும் கறுப்பின மக்களையே "சந்தேகத்துக்குரியவர்" என்று பதிவு போடுகிறார்கள் எனப் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. நிறத்தை மட்டும் எழுதிப் புகார் போட முடியாதபடி 2016-இல் அந்த நிறுவனம் தன் படிவத்தையே மாற்ற வேண்டி வந்தது. அங்கே நிறம். இங்கே துணி மூட்டை, இந்தி பேச்சு, வாடகை வீடு, சாதி.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தம் 86-ஆவது வயதில் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஒரு தனிமனிதர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தெரு அட்மின் அந்த விலக்குக்குள் வருவாரா என்று வக்கீல்கள் வாதாடட்டும். தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் நாகரிகத்தை எந்தக் கோர்ட்டும் வந்து நடத்தித் தர முடியாது.

நான் குழுவை விட்டதற்கு உடனடிக் காரணம் ஒரு எக்செல் தாள். பெயர், வயது, ரத்த வகை, ஆதார் எண், சொந்த வீடா வாடகையா, வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார்கள், எப்போது வெளியூர் போவீர்கள். நிரப்பியவர்கள் நிரப்ப நிரப்ப, எல்லாரும் பார்க்கும்படி குழுவிலேயே கிடந்தது. ஒரு திருடன் உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இவ்வளவு நல்ல பட்டியல் தயாரித்திருக்க மாட்டான். தனியாக இருக்கும் என் போன்ற கிழவிகளின் பெயர் வரிசையாக அதில் இருந்தது. நான் ஆட்சேபம் சொன்னேன். "டீச்சர் பழைய காலத்து ஆள்" என்று ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. விலகிவிட்டேன்.

ஒரு ஆசிரியைக்குத் தெரியாத வீட்டு ரகசியம் உண்டா? காலையில் சாப்பிடாமல் வந்து பிரேயரில் மயங்கி விழுந்தவன் யார், யார் அப்பா குடித்துவிட்டு பள்ளி வாசலில் நின்றார், யார் அம்மா வளையலை அடகு வைத்து ஃபீஸ் கட்டினாள் எல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் என்னை நம்பிச் சொன்னீர்கள், அல்லது உங்கள் முகத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். ஒன்றுகூட ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததில்லை. அந்த உரிமையில்தான் இப்போது உங்களைக் கேட்கிறேன்.

1. அடுத்தவர் முகம், வண்டி எண், வீட்டு வாசல் உள்ள படத்தை அவரைக் கேட்காமல் போடாதீர்கள். திருட்டு நடந்திருந்தால் கேமரா பதிவை போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.

2. பிள்ளைகள் தப்புச் செய்தால் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்.

3. தெருச் சங்கத்துக்கு ஆதார் எண் எதற்கு? தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட சட்டப் பகுதியையே 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நீக்கியிருக்கிறது. எங்காவது நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

4. ஊருக்குப் போவதைப் பக்கத்து வீட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லுங்கள். ரயில் டிக்கெட்டோடு குழுவில் அறிவிக்காதீர்கள்.

5. வாட்ஸ்அப் அமைப்புகளில் பிரைவசி, அதில் குழுக்கள் என்று இருக்கும். யார் வேண்டுமானாலும் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்பதை மாற்றி, தெரிந்தவர்கள் மட்டும் என்று வையுங்கள். உங்கள் அம்மா அப்பா போனிலும் நீங்களே செய்து கொடுங்கள்.

6. அட்மின்களே, கரண்ட், தண்ணீர், குப்பை, அவசர உதவி, இதற்கு மட்டும்தான் இந்தக் குழு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். வீடு மாறியவர்களை நீக்குங்கள்.

இது பெரிய போராட்டம் ஒன்றும் இல்லை. இன்று ராத்திரி தூங்குவதற்கு முன் உங்கள் போனில் சேர்ந்து கிடக்கும் அடுத்தவர் வீட்டு வீடியோக்களை அழியுங்கள். எக்செல் தாள் வைத்திருப்பவர்கள் அதையும் அழியுங்கள். செய்து முடித்தவர்கள் கீழே கமெண்டில் "உள்ளேன் டீச்சர்" என்று போடுங்கள். வருகைப் பதிவு எடுக்கப் போகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்