திருப்பி எழுதிய கவி

சங்கராபுரத்தில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். வாசற்படி ஏறும்போதே அழுகுரல் கேட்டது. என் மருமாள் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, தன் பெயரின் முதலெழுத்தாகிய 'க'வை அதில் செதுக்கி, மை தொட்டுக் காகிதத்தில் அழுத்தியிருக்கிறாள். விழுந்த 'க' முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது!

"அழாதே, அம்மா! நீ தவறிய இடத்தில்தான் பிளேக் ஜெயித்தார்" என்றேன்.

"பிளேக்கா? அது வியாதியாச்சே, மாமா!"

வியாதி இல்லை, 1757-ல் லண்டனில் பிறந்த வில்லியம் பிளேக் என்ற கவி. பாட்டை ஒருவர் எழுத, படத்தை மற்றொருவர் வரைய, மூன்றாமவர் அச்சடிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அமிலம் அரிக்காத திரவத்தைத் தொட்டு, செப்புத் தகட்டில் பாட்டையும் படத்தையும் சேர்த்தே தீட்டினார். எழுத்துக்களை இடவலம் மாற்றி எழுதினார். அமிலம் மற்ற இடத்தை அரித்துப் பள்ளமாக்கும். எழுத்தும் படமும் மேடாக நிற்கும். மை தடவி அழுத்தினால் நேராக விழும். பிறகு கையால் வர்ணம் தீட்ட வேண்டும். மனைவி காதரீனும் கூடவே உழைத்தாள். 1789-ல் இப்படித்தான் 'கள்ளமின்மைப் பாடல்கள்' வந்தது. வாங்கியவர்கள் சிலரே. 1827-ல் ஏழையாகவே கண்ணை மூடினார்.

நூற்றிருபது வருஷம் கழித்து, 1947-ல், நியூயார்க்கில் மூவர் அந்த வித்தையைச் சோதித்துப் பார்த்தார்கள்: கவி ரூத்வன் டாட், ஓவியர் மீரோ, 'அத்தலியே 17' பட்டறையை நடத்திய ஹேட்டர். டாட்டின் கவிதைகளோடு மீரோவின் நவீன ஓவியம் ஒரே தகட்டில் குடியேறியது!

பட்டறை பின்னர் பாரிஸுக்குத் திரும்பியது. அங்கே போய்ச் சேர்ந்தவர் கிருஷ்ண ரெட்டி. சித்தூர்ப் பக்கத்தில் 1925-ல் பிறந்தவர். நம் சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் ஓவியம் கற்பித்தவர். எண்ணெய் மிகுந்த மை, கெட்டி மையைத் தன்மேல் ஒட்டவிடாது. இந்தச் சிறு குணத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரே தகட்டில், ஒரே அழுத்தில் பல வர்ணங்கள் விழும்படி அவரும் சகாக்களும் செய்தார்கள். பிளேக் ஒவ்வொரு பிரதிக்கும் தூரிகையால் பூசிய வர்ணம், தகட்டிலேயே ஏறிவிட்டது. 1972-ல் ரெட்டிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கதை முடிவதற்குள் மருமாள் இன்னொரு கிழங்கை வெட்டிவிட்டாள். கண்ணாடி முன் காகிதத்தைப் பிடித்துப் பார்த்து, பார்த்துச் செதுக்கினாள். இந்தத் தடவை 'க' நேராக எங்களைப் பார்த்தது. வீட்டிலுள்ள காகிதத்திலெல்லாம் 'க'!

அன்று இரவு உருளைக்கிழங்குக் கறி மட்டும் கிடைக்கவில்லை. "இனிமேல் கதை சொல்ல வருவதானால் கிழங்கு வாங்கிக்கொண்டு வா!" என்றாள் தமக்கை.