பிழை அமராவதியின் கணக்கிலா?

அம்பிகாபதி கதையை மேடையிலோ திரையிலோ பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஜனங்கள் சொல்வது வழக்கம்: "பாவம், அந்தப் பெண் ஒரு பாட்டைத் தப்பாக எண்ணிவிட்டாளே! எல்லாம் தலைவிதி." இந்தப் பேச்சு சரிதானா என்று உழைக்கும் மக்கள் சற்றே யோசித்துப் பார்க்க வேண்டும்.

கதை எல்லோரும் அறிந்ததே. கம்பர் மகன் அம்பிகாபதி, சோழன் மகள் அமராவதியை நேசித்தான். மன்னன் ஒரு நிபந்தனை போட்டான். சிற்றின்ப வாடையே இல்லாமல் கடவுளைக் குறித்து 100 பாட்டுப் பாடினால் பெண், தவறினால் தலை. அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டாள். 99 பாட்டு முடிந்ததுமே நூறாகிவிட்டதென்று எட்டிப் பார்த்தாள். அவளைக் கண்டதும் அவன் அவளையே பாடினான். தலை போயிற்று. இது சரித்திரமல்ல, வழிவழியாக வந்த கதை. ஆனால் ஜனங்கள் இத்தனை காலம் இதற்காகக் கண்ணீர் விட்டிருப்பது பொய்யல்ல.

இக்கதைக்கும் நம் சேலத்துக்கும் உறவு உண்டு. 1937ல் தியாகராஜ பாகவதர் நடித்து வெளிவந்த 'அம்பிகாபதி' படத்தை எடுத்தது சேலம் சண்முகா பிலிம்ஸ். டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். காதல் காட்சிகளுக்கு அவரும் வசனகர்த்தா இளங்கோவனும் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது பொருத்தமே.

இத்தாலியில் வெரோனா நகரம். இரண்டு பெரிய குடும்பங்களுக்குள் தீராப் பகை. ஒரு வீட்டுப் பையனும் மறு வீட்டுப் பெண்ணும் நேசிக்கிறார்கள். நாடகம் முழுவதும் இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வருகின்றன. இரவில் அவர்கள் சந்திக்கிறார்கள். அவன் கண்ணுக்கு அவள் தீவட்டியாகவும் சூரியனாகவும் தெரிகிறாள். பொழுது விடிந்தால் பிரிவு. ஏன்? பகல் அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தம். தெருவும் வாளும் அவர்களுடையவை. காதலுக்கு மிஞ்சியது இருட்டு ஒன்றுதான்.

கடைசியில் ஒரு கடிதம். கொள்ளைநோய்ப் பயத்தால் தூதரை அடைத்துவைத்ததால் அது ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை. மயக்க மருந்துண்டு கிடந்தவளைப் பிணமென்று நம்பி அவன் விஷம் குடித்தான். விழித்தெழுந்த அவள் கத்தியால் குத்திக்கொண்டு மாண்டாள். இங்கே கடிதத்தின் மேல் பழி, அங்கே கணக்கின் மேல் பழி! ஊரறிய மணம் முடிக்க முடிந்திருந்தால் ரகசியக் கடிதம் எதற்கு? ஒரு பாட்டுக் குறைந்தால் தலையை வாங்கலாம் என்ற அதிகாரம் மன்னனுக்கு எங்கிருந்து வந்தது?

கணக்குத் தவறினால் யாருக்கு நஷ்டம் என்பது நமக்குத் தெரியாதா? ஐந்து நிமிஷம் பிந்தியதற்கு அரை நாள் கூலியை இழந்த மில் தொழிலாளிக்குத் தெரியும். களத்தில் ஆண்டையின் ஆள் மரக்கால் பிடித்து அளந்ததைப் பார்த்த விவசாயத் தொழிலாளிக்கும் தெரியும். எண்ணுகிறவள் பெண், விதி வகுத்தவன் மன்னன். தண்டனை மட்டும் புலவன் மகனுக்கு.

இரண்டு கதைகளுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. வெரோனாக் குடும்பங்கள் அந்தஸ்தில் சமம். ஆகவே பிள்ளைகள் செத்த பிறகாவது தகப்பன்மார் கை குலுக்கினார்கள். பொற்சிலை வைப்பதாக வாக்களித்தார்கள். நம் கதையில் சமமில்லை. நம் நாட்டில் பகைக்கு மேலே சாதி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்பாருண்டு. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து திருச்செங்கோடு பஸ்ஸில் போய்வரும் தூரந்தான். 2015 ஜூனில், ஓமலூரைச் சேர்ந்த தலித் பட்டதாரி இளைஞர் ஒருவர், திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் வேறு சாதிப் பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் பாதையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். அங்கேயும் ஒரு கடிதம் இருந்தது, தற்கொலைக் கடிதமென்ற பெயரில்! ஏழாண்டுப் போராட்டத்துக்குப் பின், 2022ல் மதுரைக் கோர்ட் அதைக் கொலையென்று தீர்த்துப் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023ல் ஹைகோர்ட்டும் அது கொலையே என்பதை உறுதி செய்தது. விதியென்று விட்டிருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்குமா?

வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ள எந்தச் சாதிக் கூட்டத்தின் சம்மதமும் தேவையில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2018ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காகிதத்தில் இருக்கும் தீர்ப்பு தானாக நடந்து வந்து காவல் நிற்காது. நம் ஊரில் அப்படி இருவர் துணிந்து வந்தால், அவர்களுக்குத் தங்க ஓர் இடமும் போலீஸ் ஸ்டேஷன் வரை கூடப் போக நாலு பேரும் வேண்டும். அந்த நாலு பேர் மில்லிலிருந்தும் வயலிலிருந்தும் வரவேண்டும், தோழர்களே! அமராவதியின் விரல்களில் பிழை தேடியது போதும்.