கொழுந்து பறிப்போருக்கும் விஞ்ஞானக் கல்வி

கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமாகிய பள்ளிவாசல் திட்டம் 1940ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. அத்திட்டம் அமைந்த மலைப்பகுதியைச் சேர்ந்தது சித்திரபுரம். அதனை அடுத்த மூணாற்று மலைகளில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் தேயிலை பயிரிட்டு வருகின்றனர்.

2005ஆம் ஆண்டில் டாட்டா டீ நிறுவனம் இத்தோட்டங்களின் நிர்வாகத்தினின்றும் விலகியபோது, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்னும் புதிய கம்பெனி உருவாயிற்று. பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களுள் மிகப் பலர் அதன் பங்குதாரர் ஆயினர். எனினும் 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கோரிப் பெண் தொழிலாளர் தாமாகவே திரண்டு போராட நேர்ந்தது. பங்குப் பத்திரத்தைக் கையிற் கொடுத்தல் எளிது. வரவுசெலவுக் கணக்கைப் படித்து வினாவெழுப்பும் ஆற்றலைப் பயிற்சியன்றோ அளிக்கவேண்டும்?

பெருந்தொழில் நிலையங்களில் பயிற்சி என்பது பெரும்பாலும் அதிகாரிகளுக்கே உரியதாகக் கருதப்படுகிறது. இக்கருத்து விஞ்ஞான முறைக்கு ஒவ்வாது. தேயிலையின் தரம் தொழிற்சாலையில் மட்டும் தோன்றுவதன்று. பறித்த கொழுந்தை அழுத்தித் திணித்தால் அது நசுங்கிச் சூடேறும். இலையிலுள்ள பாலிஃபீனால்கள் பிராணவாயுவுடன் கூடி, உரிய காலத்துக்கு முன்னரே இலை சிவந்துவிடும். இக்காரணத்தை அறிந்தவர் கூடையை ஏவலுக்காக அன்றி அறிவினால் பேணுவார். பூச்சிமருந்து தெளிப்போர்க்கோ இவ்வறிவு உடல்நலத்தையே காப்பதாகும்.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் நிகழ்ந்த நிலச்சரிவு எழுபது உயிர்களைக் கவர்ந்தது. மழைமானியைப் படிக்கவும், நிலவெடிப்பு, கலங்கிய ஊற்று, சாயும் மரம் ஆகிய அறிகுறிகளை உணரவும் ஒவ்வொரு குடியிருப்பிலும் சிலரேனும் பயிற்சி பெற்றிருத்தல் இன்றியமையாதது. பாதுகாப்பான இடத்தில் வீடமைக்கும் கடமைக்கு இது மாற்றாகாது, துணையேயாகும்.

பயிற்சியைக் காட்டி நியாயமான கூலியை மறுத்தலும் தகாது. வேலை நேரத்திலேயே, கூலி குறையாமல், தொழிலாளரின் தாய்மொழியாகிய தமிழில் வகுப்புக்கள் நடைபெறல் வேண்டும். தேர்ச்சி பெற்ற பெண்களுக்கு மேற்பார்வைப் பதவிகளும் திறக்கப்படவேண்டும். முன்னேற்றத்துக்கு வழிகாட்டாத பயிற்சி, நீர் பாயாத வாய்க்காலை ஒக்கும்.